ஜில்லென்றால் பத்து

ஜெயவேலுக்குக் கிடைத்தது காரில் உட்காரும் வேலை.

"ஓட்டுறதா?" என்று கேட்டாள் அவன் மனைவி மகிழினி.

"இல்ல. குந்துறது."

"அப்ப யாரு ஓட்டுறது?"

"யாரும் ஓட்ட மாட்டாங்க. கார் நின்ன எடத்துலயே நின்னுகினு இருக்கும். நான் உள்ள குந்திகினு எப்டி கீதுன்னு சொல்லணும்."

மகிழினி உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்துக்கு ஒரு ஆபீசா?"

ஆபீஸ் இருந்தது. திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையில், கோட்டை போல மதில் எழுப்பி, வாசலில் நீளமான பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள். 'வாகன உட்புறச் சுகநிலை அளவீட்டு நிறுவனம்' என்பது முழுப் பெயர். பலகைக்கு முன்னால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. லாரி நகர்ந்தால்தான் பின்பாதியைப் படிக்க முடியும். லாரிகள் நகர்வதில்லை என்பதால் ஊரில் யாருக்கும் பின்பாதி தெரியாது. எல்லோரும் 'ஜில்லு ஆபீஸ்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. கார்களின் ஏ.சி. எவ்வளவு நன்றாகக் குளிரூட்டுகிறது என்று சோதிக்கத்தான் அந்த நிறுவனம் பிறந்தது. சோதனைக்குக் கொதிக்கிற வெயில் வேண்டும். எண்ணூரில் ஷட்டரைத் தூக்கினால் அது இலவசமாகவே உள்ளே வரும். ஆனால் இலவச வெயிலுக்கு விதிமுறையில் இடமில்லை. எனவே நாலு பக்கமும் சுவர் எழுப்பி, வெளி வெயிலைத் தடுத்து, உள்ளே பெரிய பெரிய ஹீட்டர்களை வைத்து அதே வெயிலை உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்குள் காரை நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டு, ஆளை உட்கார வைத்து, எப்படி இருக்கிறது என்று மைக்கில் கேட்பார்கள். அவன் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். புழுங்கினால் ஒன்று. ஜில்லென்றால் பத்து. எண் நாலுக்குக் கீழே இறங்கினால் கார் தோற்றது.

இதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை. குழப்பம் மின்சார கார்களோடு வந்தது. பக்கத்துத் துறைமுகத்திலிருந்து பனி கொட்டுகிற நாடுகளுக்கு மின்சார கார்களை அனுப்ப ஒரு கம்பெனி முன்வந்தது. அங்கே காருக்குள் ஆளைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். அதைச் சோதிக்க நிறுவனம் ஒரு உறைகுளிர் அறையைக் கட்டியது. இயந்திரங்கள் கப்பலில் வந்தன. கதவு ஒரு முழம் கனத்தில் வந்தது. எண்வரிசை மட்டும் பழையதே நின்றது. அதை மாற்ற தில்லியில் ஒரு குழு கூட வேண்டும். குளிர்காலத்தில் தில்லியில் குளிர் தாங்காது என்று குழு கூடவில்லை. கோடையில் வெயில் தாங்காது என்று கூடவில்லை. ஆகவே உறைகுளிர் அறையிலும் ஜில்லென்றால் பத்துதான்.

உட்கார முதலில் ஆள் தேடவில்லை, பொம்மைதான் வாங்கினார்கள். வெளிநாட்டுப் பொம்மை. தோலில் நூறு இடங்களில் வெப்பமானி பதித்தது. ஆனால் அதோடு வந்த கையேட்டில் 'மிகு குளிரில் வைக்க வேண்டாம்' என்று போட்டிருந்தது. பொம்மைக்கு ஏதாவது ஆனால் காப்பீட்டுக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். அதனால் பொம்மையைப் பார்வையாளர் மாடத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, காருக்குள் உட்கார ஜெயவேலை எடுத்தார்கள்.

யானைக்கவுனி மண்டிகளில் மூட்டை தூக்கிய உடம்பு அவனுடையது. உட்கார்ந்து சம்பாதிப்பது ஏதோ திருட்டுத்தனம் போலக் கூச்சமாக இருந்தது. 'படிச்சவங்க ஏதோ தெரிஞ்சுதான செய்வாங்க' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த ஆபீசில் எது புரியாவிட்டாலும் தன் அறிவில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்வது அவன் வழக்கம்.

பின்சீட்டு பக்ருதீன் பாயுடையது. தண்டையார்பேட்டைக்காரர், அறுபதைத் தொடப் போகிறவர். நிறுவனம் திறந்த நாள் முதல் பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறார். முன்சீட்டுக்குப் பதவி உயர்வு கேட்டபோது, பின்சீட்டில் அனுபவம் மிக்கவரை இழக்க நிறுவனம் விரும்பவில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

"நீ ஒண்ணும் மெர்சலாவாத மாமு," என்றார் ஜெயவேலிடம். "கேள்வி கேப்பாங்க, நம்பர் சொல்லு. கதை சொன்னியோ, பேஜாரு. நம்பர் மட்டும்."

"இது ஹீட்டர் ஆச்சே பாய். சூடா இருந்தாத்தான நல்லது? அதுக்கு ஏன் கம்மி நம்பரு?"

"இத நானும் கேட்டேன். டைரக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா? நல்லது கெட்டது உன் வேலை இல்ல, ஜில்லு தான் உன் வேலைன்னாரு."

சான்றிதழ் வழங்கும் நாள் மே மாதத்தில் வந்தது. வெளியே ஒட்டடை கூட அசையாத வெயில். கப்பல் துறைமுகத்தில் நின்றது, கார்கள் அதன் பக்கத்தில் நின்றன, சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. தில்லிக் குழுவின் தலைவரே வந்திருந்தார். இயக்குநர் சுடலைராஜ் ஊட்டியில் வாங்கிய நீண்ட கோட்டைப் போட்டிருந்தார். நிகழ்ச்சியின் கண்ணியம் கருதி மாடத்தில் இருந்த அத்தனை அதிகாரிகளும் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவும் அணிய வேண்டும் என்று சுற்றறிக்கை. அவர்களுக்கு வேர்க்காமல் இருக்க மாடத்து ஏ.சி.யைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். முன்வரிசைப் பொம்மைக்கும் ஒரு ஸ்வெட்டர்.

காருக்குள் போகும் இருவருக்கும் அரைக்கைச் சட்டை, செருப்பு. பயணி சராசரிச் சென்னைவாசியாக இருக்க வேண்டும் என்பது விதி.

"சார், ஒரு துண்டாவது எடுத்துக்கவா?" என்று கேட்டான் ஜெயவேல்.

சுடலைராஜ் அன்பாகத் தோளில் தட்டினார். "நீ போர்த்திக்கொண்டால் நாங்கள் துண்டைச் சோதித்ததாகிவிடும் தம்பி."

இருவரும் ஏறினார்கள். காரின் கைப்பிடிகள் கதவோடு கதவாக உள்ளே மடிந்துகொண்டன. மின்சாரத்தில் இயங்கும் கைப்பிடி, பார்க்க அழகாக இருந்தது. பிறகு அறையின் பெரிய கதவு மூடியது. தடித்த கண்ணாடிக்கு அப்பால் மாடம் தெரிந்தது. அங்கே மைக் முன்னால் உட்கார்ந்திருந்த ஜானட் கையை ஆட்டினாள். ராயபுரத்துப் பெண், கேள்வி கேட்கும் வேலை. மாடத்து மேடையில் மைக்கில் பேசுவது காருக்குள் கேட்கும். காருக்குள் பேசுவது ஜானட்டின் காதில் மட்டும் கேட்கும். அவள் பித்தானை அமுக்கினால்தான் மாடம் முழுக்க ஒலிக்கும்.

ஹீட்டர் ஓடியது. வெளியே குளிர் இறங்க இறங்கக் காருக்குள் இதமாக இருந்தது. பக்ருதீன் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார்.

"முதல் பயணி, உங்கள் நிலை?" என்றாள் ஜானட்.

"மூணு," என்றான் ஜெயவேல், உள்ளபடி.

"மூணு," என்றார் பாய்.

மாடத்தில் சலசலப்பு எழுந்தது. கார் கம்பெனியின் பொறியாளர் எழுந்து நின்று கையிலிருந்த டேப்லட்டைத் தட்டினான். சுடலைராஜ் மைக்கை வாங்கினார். "தொடக்கத்தில் சில சிரமங்கள் இருக்கத்தான் செய்யும். கார் இன்னும் தன் திறமையைக் காட்டவில்லை."

கார் காட்டியது. குத்துவிளக்கு ஏற்றும் நேரத்தில், ஜெயவேலின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த சூடான காற்று விக்கியது, இருமியது, நின்றது. திரையில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றியது. காரிலிருந்து ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது. "அன்புள்ள பயணியே, பேட்டரியின் நலன் கருதிக் கேபின் வெப்பம் நிறுத்தப்படுகிறது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

"யாரு ஒத்துழைச்சது?" என்றார் பக்ருதீன்.

மாடத்தில் ஏ.சி. காற்றில் விளக்கு அணைந்து அணைந்து போனது. தலைவர் மூன்றாம் முறை ஏற்றினார். ஜெயவேல் அந்தத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சின்ன நெருப்பை இதற்குமுன் அவன் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. முன்கண்ணாடியில் அவன் மூச்சு படிந்து, பொரிப்பொரியாக உறைய ஆரம்பித்தது.

"உங்கள் நிலை?"

"குளிரு ஏறுதும்மா. ஹீட்டர் நின்னுபோச்சு."

"நம்பர் சொல்லுங்கண்ணே."

ஜெயவேல் யோசித்தான். பொய் சொல்லப் பழக்கமில்லை. "ஏழு."

கைதட்டல். "பார்த்தீர்களா," என்றார் சுடலைராஜ்.

அடுத்த கேள்விக்கு ஒன்பது. அதற்கடுத்ததற்குப் பத்து. மாடமே எழுந்து நின்று தட்டியது. கம்பெனிப் பொறியாளர் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஜெயவேலின் கையோ வழிக்கு வரவில்லை. விரலை மடக்கினால் வேறு யாருடைய விரலையோ மடக்குவது போல இருந்தது. ஒருவேளை இதுதான் வெளிநாட்டுச் சுகமோ, தனக்குத்தான் அனுபவிக்கத் தெரியவில்லையோ என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அப்போது பக்ருதீனின் பற்கள் தந்தியடிப்பது கேட்டது.

"கதவத் தொறடா மாமு. வேல போனா போவுது."

ஜெயவேல் கதவின் பித்தானை அமுக்கினான். உள்ளே ஏதோ முனகியது. கதவு அசையவில்லை. மறுபக்கம் போய் அமுக்கினான். அங்கேயும் முனகல்தான். அழகான கைப்பிடிகள் அத்தனையும் பனியில் ஒட்டிக்கொண்டிருந்தன. இருக்கையில் மல்லாந்து, இரண்டு காலாலும் ஜன்னலை உதைத்தான். செருப்பு கட்டை மாதிரி விறைத்து, கழன்று விழுந்தது. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பயணிகளின் உற்சாகத்தைப் பாருங்கள்," என்றது மேடை.

"வுடு," என்றார் பாய். "ஒட்ச்சா மட்டும் இன்னா? வெளிய இத வுட மோசம். பெரிய கதவு அவங்க கையிலதான கீது. அவங்க தொறந்தாதான் உண்டு."

அது உண்மை. இனி எல்லாம் அந்தக் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர்களின் கையில். அவர்களிடம் போய்ச் சேர இருந்த ஒரே வழி, ஒன்றிலிருந்து பத்து.

"ஜானட்டு," என்றான் ஜெயவேல். "ஹீட்டர் செத்துப்போச்சு. கதவு மாட்டிக்கிச்சு. பாய்க்கு முடியல. கதவத் தொறக்கச் சொல்லும்மா."

ஜானட் எழுந்து சுடலைராஜிடம் போவது தெரிந்தது. அவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, தலைவர் பேசத் தொடங்கியிருந்ததால், குனிந்து அவளிடம் சொன்னது அவள் அணைக்காமல் விட்டிருந்த மைக் வழியாகவே காருக்குள் கேட்டது. "பத்து சொல்லியிருக்கிறார்கள் ஜானட். பத்து சொன்னவன் குறை சொல்கிறான் என்றால் எதை நம்புவது? எண்ணைத்தான் நம்ப வேண்டும். எண்ணுக்கு உள்நோக்கம் கிடையாது."

தலைவர் பேசினார். "குளிர் என்பது ஒரு மனநிலை. தில்லியில் நான் முப்பது ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். ஒரு ஜனவரியில்கூட எனக்குக் குளிர்ந்ததில்லை. மன உறுதிதான் காரணம். அறையில் ஹீட்டரும் இருந்தது." சிரிப்பு. "இன்றைய இளைஞர்கள் எதற்கெடுத்தாலும் நடுங்குகிறார்கள். இதோ இந்த இரண்டு எளிய மனிதர்களைப் பாருங்கள். அரைக்கைச் சட்டையோடு அமர்ந்து பத்துக்குப் பத்து வழங்குகிறார்கள். கோட்டு போட்டிருக்கிற நமக்கு இந்தப் பெருந்தன்மை வருமா?"

பிறகு பொன்னாடைகள் வந்தன. தலைவருக்கு இயக்குநர் போர்த்தினார். இயக்குநருக்குப் பொறியாளர் போர்த்தினான். பொறியாளருக்குத் தலைவர் போர்த்தினார். துணை இயக்குநர்கள் வரிசையாக வந்து போர்த்தி, போர்த்தப்பட்டுப் போனார்கள். ஆள் தீர்ந்தபோது பொம்மைக்கும் ஒன்று போர்த்தினார்கள். ஜெயவேல் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டி, அந்த ஓட்டை வழியாக அத்தனை பொன்னாடைகளையும் பார்த்தான். நகம் நீலமாக இருந்தது.

ஜானட் மறுபடியும் மைக்குக்கு வந்தாள். உதடு அசையாமல், தாழ்ந்த குரலில் பேசினாள். "அண்ணே, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நம்பர் நாலுக்குக் கீழ வந்தாதான் நிறுத்தணும்னு ரூல். புரியுதா? இப்ப கேக்குறேன். முதல் பயணி, உங்கள் நிலை?"

ஜெயவேலுக்கு நாக்கு தடித்திருந்தது. "ஒண்ணு."

"இரண்டாம் பயணி?"

"ஒண்ணு," என்றார் பாய், பல்லிடுக்கில்.

மாடம் அடங்கியது. பத்திலிருந்து ஒரே தாவலில் ஒன்று. சுடலைராஜ் விதிமுறைப் புத்தகத்தை வரவழைத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஜெயவேல் பெரிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் கனமான தாழ்ப்பாள் இப்போது அசையும், இப்போது அசையும்.

"விதி தெளிவாக இருக்கிறது," என்றார் சுடலைராஜ். "பயணிக்குத் திடீரென்று புழுக்கம் ஏற்பட்டால், காரைத் தோற்கடிக்கும் முன் அதற்கொரு வாய்ப்பு தர வேண்டும். ஏ.சி.யை முழு வேகத்தில் போடுங்கள்."

பொறியாளர் டேப்லட்டைத் தட்டினான்.

திரையில் நீல விளக்கு எரிந்தது. எல்லாத் துளைகளும் திறந்தன. கார் அறையின் உறைகாற்றை அப்படியே உறிஞ்சி அவர்கள் முகத்தில் ஊதியது. கத்தியால் சீவுவது போல் இருந்தது. ஜெயவேல் துளைகளைக் கையால் பொத்தினான். இரண்டு கைக்கு எத்தனை துளையைப் பொத்துவது? பக்ருதீன் பாய் சீட்டில் சுருண்டு முகத்தை முழங்காலுக்குள் புதைத்தார்.

"நிறுத்துங்க," என்று கத்தினான் ஜெயவேல். "பத்து. பத்து. பத்து."

கைதட்டலில் மாடத்துக் கண்ணாடி அதிர்ந்தது. ஏ.சி. நின்றது.

"விதிமுறை காப்பாற்றியது," என்றார் சுடலைராஜ்.

ஜெயவேல் மூச்சு வாங்கினான். இப்போது நிலைமை அவனுக்குத் தெளிவாகப் புரிந்தது. பத்து என்றால் இங்கேயே இருக்க வேண்டும். ஒன்று என்றால் ஏ.சி. போடுவார்கள். நடுவில் ஐந்து, ஆறு என்று சொன்னால் யோசிப்பார்கள்; அவர்கள் யோசித்து முடிக்கும்வரை பாய் தாங்க மாட்டார்.

திரும்பிப் பார்த்தான். பாயின் நடுக்கம் நின்றிருந்தது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாடியில் வெள்ளையாகப் பனி. முகத்தில் ஒரு நிம்மதி.

"பாய்."

"இன்னா வெக்க மாமு இது," என்றார் பக்ருதீன் குழறலாக. "ஃபேன போடு. கரண்டு போச்சா?" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பித்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"பாய், இன்னா பண்ற நீ? குளிருது பாய். போடு சட்டய."

"வேர்த்துக் கொட்டுது. மொட்ட மாடிக்குப் போலாம் வா."

ஜெயவேல் சீட்டுகளுக்கு நடுவே பாய்ந்து பின்னால் போனான். பாய் சட்டையை உருவி எறிந்துவிட்டு பனியனையும் பிடித்து இழுத்தார். அவர் நெஞ்சைத் தொட்டான். காசிமேட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிற மீனைத் தொட்டது போல் இருந்தது. அவரைக் கட்டிப்பிடித்துத் தன் உடம்போடு அமுக்கிக்கொண்டான். தன்னிடமும் கொடுக்கச் சூடு மிச்சமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடிக்கு அப்பால் பொறியாளர் துள்ளி எழுந்தான். "சட்டையைக் கழற்றுகிறார். சார், பாருங்கள், வெப்பம் தாங்காமல் சட்டையைக் கழற்றுகிறார். எங்கள் ஹீட்டருக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?"

தலைவர் எழுந்து பொறியாளருக்கு இன்னொரு பொன்னாடை போர்த்தினார். எண் ஜில்லென்று சொல்கிறது, சட்டை சூடு என்று சொல்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு வகையிலும் வென்ற முதல் கார் இதுதான் என்று அறிவித்தார்கள்.

சுடலைராஜ் நெகிழ்ந்துபோய் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, எல்லோரும் பயணியைப் பற்றியே பேசுகிறோம். இந்த வெற்றிக்குக் காரணமானது கண்ணுக்குத் தெரியாமல் காரின் அடியில் படுத்திருக்கிறது. பேட்டரி. இந்தக் காரின் விலையில் பாதி அதுதான். பயணி இன்று ஒருவர் வருவார், நாளை ஒருவர் வருவார், ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டால் போதும். பேட்டரி அப்படியா? அது நம் நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்ட குழந்தை. அதற்கு ஒரு டிகிரி குறைந்தால் நான் இரவு சாப்பிட மாட்டேன்."

பாயின் தலை ஜெயவேலின் தோளில் சரிந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஜெயவேல் அவர் கன்னத்தில் தட்டினான். மேடையில் பேசுவது ஒரு காதில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்தது, நின்றது, திரும்ப ஒருமுறை தலைக்குள் ஓடியது.

"ஜானட்டு," என்றான்.

"சொல்லுங்கண்ணே. இன்னும் கேள்வி நேரம் வரல. ஆனா சொல்லுங்க."

"பேட்டரிக்குக் குளிருது."

"யாருக்கு?" என்றாள் ஜானட்.

"பேட்டரிக்கு. அடில நடுங்குது. எனக்குக் காலுல தெரியுது. ரொம்ப முடியல அதுக்கு."

ஜானட் அவனைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவன் மேல் சரிந்து கிடந்த வெற்று உடம்பையும் பார்த்தாள். பிறகு, கேள்வி நேரம் இல்லாத நேரத்தில் தொடவே கூடாத பித்தானை அமுக்கினாள். "திரும்பச் சொல்லுங்கண்ணே. சத்தமா."

"பேட்டரிக்குக் குளிருது," என்றது மாடம் முழுக்க ஜெயவேலின் குரல்.

சுடலைராஜின் கையிலிருந்த மைக் விழுந்தது. அது உருண்ட சத்தம் காருக்குள்ளேயும் கேட்டது. நாற்காலிகள் சாய்ந்தன. யாரோ அபாய மணியை அடித்தார்கள். அப்படியொரு மணி அந்தக் கட்டடத்தில் இருப்பதே ஜெயவேலுக்கு அன்றுதான் தெரியும். பெரிய கதவின் தாழ்ப்பாள் ஒரே இழுப்பில் விலகியது. கோட்டும் மங்கி குல்லாவுமாகப் பத்துப் பதினைந்து பேர் புகைபோல் வந்த குளிருக்குள் ஓடி வந்தார்கள். கையில் சூடான காற்று ஊதும் குழாய்கள், கடப்பாரை.

"கைப்பிடி உறைந்திருக்கிறது சார்."

"கதவை உடையுங்கள். கதவு போனால் போகிறது."

கடப்பாரை கதவின் இடுக்கில் இறங்கியது. கதவு பிய்ந்துகொண்டு திறந்தது. ஜெயவேல் பாயை அக்குளில் கை கொடுத்து இழுத்தான். குழாய்க்காரன் அவனை ஒதுக்கினான். "நகருப்பா, நகரு. வழிய மறைக்காத." அவனைத் தாண்டிக் குனிந்து காரின் அடியில் சூடான காற்றை ஊதினான். சுடலைராஜ் தன் தோளில் இருந்த பொன்னாடையை எடுத்துத் தரையில் மண்டியிட்டு, பேட்டரிப் பக்கம் செருகினார். துணை இயக்குநர்கள் தங்களுடையதைக் கொடுத்தார்கள். பொம்மையின் பொன்னாடையும் கை மாறி வந்தது.

"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை," என்று சுடலைராஜ் காரின் அடிவயிற்றைத் தடவினார்.

ஜெயவேல் பாயைத் தோளில் போட்டான். மூட்டை தூக்கிய தோள் தன் பழைய வேலையை மறக்கவில்லை. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. மாடத்தின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, காவலாளியின் மேசையைத் தாண்டி, வாசலுக்கு வந்தான். வெயில் முகத்தில் வெந்நீர் போல் விழுந்தது.

நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. வாசலை ஒட்டி நின்ற ஒரு லாரியின் நிழலைத் தாண்டி, வெயில் பக்கம் போய்ப் பாயை உட்கார வைத்துக் கன்டெய்னரின் தகரத்தில் சாய்த்தான். தகரத்துக்கும் முதுகுக்கும் நடுவில் தன் கையை வைத்துச் சூடு பார்த்தான். கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தான். "இன்னா நைனா, இந்த வெயில்ல இப்டி நடுங்குற. ஜொரமா?"

"வேல," என்றான் ஜெயவேல்.

டிரைவர் மேலும் ஏதோ கேட்க வந்தவன், பாயின் உதட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இறங்கி வந்தான். சீட்டுக்கடியிலிருந்து போர்வையை எடுத்து அவர் மேல் போட்டான். வெயிலில் வெந்துகிடந்த போர்வை, டீசல் வாசனை அடித்தது. ஜெயவேல் அதன் மேல் கைவைத்து பாயின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "பாய். பாய். ஏதாவது பேசு பாய். என்னத் திட்டு."

ஜானட் ஓடி வந்தாள், கையில் இரண்டு டீ கப். மூச்சு வாங்கினாள். "ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். இந்த லாரிங்கள தாண்டி வரணும், எப்ப வருமோ." பாயின் பக்கம் மண்டியிட்டாள். "கண்ணத் தொறக்குறாரா?"

"இன்னும் இல்ல."

"உள்ள பேட்டரியோட சூடு பாத்துட்டாங்கண்ணே. நல்லாத்தான் இருந்துச்சாம், ஒரு டிகிரி கூடக் கொறையலையாம். பொய்த் தகவல் குடுத்தீங்கன்னு விசாரணை வெக்கிறாங்க. பாய் சட்ட இல்லாம வெளிய போனதுக்குத் தனியா ஒண்ணு. உங்கள வந்து விளக்கம் சொல்லச் சொன்னாரு டைரக்டரு."

"போய் சொல்லு," என்றான் ஜெயவேல், தேய்ப்பதை நிறுத்தாமல். "பேட்டரி நல்லா கீது. பாயும் பொழச்சா நல்லா இருப்பாரு. ரெண்டாவதுக்கு நம்பர் இல்லன்னா, மொதல்ல சொன்னத மட்டும் எழுதிக்கச் சொல்லு."

ஜானட் எழுந்திருக்கவில்லை. "நான் அந்தப் பித்தான அமுக்குனதுக்கும் விசாரணை இருக்கு," என்றாள். "ஒண்ணாவே போலாம்."

பாயின் இமை அசைந்தது. பிறகு தோள் அசைந்தது. பிறகு உடம்பு முழுக்க உதற ஆரம்பித்தது. பல் கிட்டியது, போர்வை குதித்தது, முதுகுக்குப் பின்னால் தகரம் படபடவென்று அடித்தது. டிரைவர் பயந்து பின்வாங்கினான். ஜெயவேலுக்கு மட்டும் உயிர் வந்தது.

மதிலுக்கு அப்பால் கைதட்டல் எழுந்தது. நீண்ட கைதட்டல். யாரோ மைக்கில் நன்றியுரை வாசித்தார்கள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருத்தர் அந்தக் காருக்குக் காத்திருப்பார்கள் என்று ஜெயவேல் நினைத்தான். அவர்கள் என்ன மொழி பேசுவார்களோ.

"யா... யாருக்குத் தட்றாங்க?" என்றார் பக்ருதீன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சான்றிதழ் குடுக்குறாங்க போல பாய்."

"பாஸா?"

"பாஸ்."

பாய் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு போர்வைக்குள்ளிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்தார். விரல்கள் விறைத்து, மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. அவற்றைச் சந்தேகமாகப் பார்த்தார். மெதுவாக ஒன்றோடொன்று மோதினார். சத்தம் வரவில்லை. இன்னொருமுறை மோதினார்.

"தெரியுதா?" என்றான் ஜெயவேல்.

பாய் தலையை ஆட்டினார், இல்லையென்று. திரும்ப மோதினார். ஜெயவேல் தன் கைகளையும் எடுத்து அவரோடு சேர்ந்து தட்டினான். ஜானட் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கைதட்டல் ஓய்ந்துவிட்டது. வெளியே, லாரியின் வெயில் பக்கத்தில், இவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

திடீரென்று பாயின் முகம் கோணியது. கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இன்னா பாய்?"

"வலிக்குதுடா மாமு," என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பயங்கரமா வலிக்குது."

"எத்தினி வெரலு?"

பாய் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் முகம் கோணியது. சின்ன விரலுக்கு வந்து நின்றார், அதையும் மடக்கினார், வாய்விட்டு அழுதார்.

"எல்லாம்," என்றார்.

"அப்ப சரி," என்றான் ஜெயவேல். அவர் பக்கத்தில், சுடுகிற தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.